மாயாவிக்கு எந்தச் சட்டை?

எங்கள் ராமநாதபுரம் ஜில்லாவுக்கு 1972-ம் வருஷம் ஜனவரி மாதம் சீமையிலிருந்து ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தார். கப்பல் ஏறி வரவில்லை, விமானத்திலும் வரவில்லை. சிவகாசியில் ஓர் அச்சு யந்திரத்தின் வழியாக வந்தார். 'முத்து காமிக்ஸ்' என்ற சித்திரக் கதைப் பிரசுரத்தின் முதல் இதழ் அது. வந்தவருடைய திருநாமம் இரும்புக்கை மாயாவி.

இப்போது விருதுநகர் ஜில்லா என்று சொல்கிறார்களே, அது 1985-ல் பிரிந்தது. அதற்கு முன்னால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, சிவகாசி எல்லாமே ராமநாதபுரத்தோடு சேர்த்திதான். தீப்பெட்டியும் பட்டாசும் காலண்டரும் அனுப்பி வந்த சிவகாசி, அந்த வருஷம் முதல் எங்களுக்கு ஒரு வீரனையும் அனுப்பி வைத்தது. சோதனைச்சாலை விபத்து ஒன்றில் வலது கையை இழந்து, இரும்பினால் கை பொருத்திக் கொண்டவர் மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து போவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் அன்று பாதி வீடுகளில் மின்சாரம் கிடையாது. மாயாவி எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் மறைவதற்கு வழியில்லாமல் திண்டாடிப் போயிருப்பார்!

எனக்கு அப்போது பத்து வயது. என் அண்ணன் நாலு பேரிடம் சில்லறை சேர்த்துப் புத்தகம் வாங்கி வருவான். முறை வைத்துப் படிப்பார்கள். பெண் பிள்ளைக்கு முறை கிடையாது. ஆனால் ராத்திரி புத்தகம் எங்கள் வீட்டில்தானே தங்கும்? தறிக்குழிக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கை வைத்துக் கொண்டு நான் படித்து முடித்துவிடுவேன். கையை இழந்த மனிதன் ஒருவன், அந்த இழப்பையே பலமாக மாற்றிக் கொண்டான் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாயாவியின் பூர்வீகத்தைப் பிற்காலத்தில்தான் தெரிந்து கொண்டேன். 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவர் அவர். ஸ்பெயின் தேசத்து ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அவருக்கு முகம் கொடுத்தார். பிறந்தபோது அவர் நல்லவரே இல்லை. மறையும் சக்தி கிடைத்ததும் புத்தி தடுமாறிக் கொள்ளை, அக்கிரமம் என்று இறங்கியவர். பிறகு பத்திரிகைக்காரர்கள் அவரைத் திருத்தி ரகசிய உளவுப் படையில் சேர்த்து விட்டார்கள். அதுவரையில் சரி. 1966-ல் அமெரிக்காவில் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் வந்து எங்கு பார்த்தாலும் அதே பேச்சாக இருந்தது. முகமூடி போட்டவனும் உடம்பைப் பிடிக்கும் சட்டை போட்டவனும் விலை போகிறான் என்று தெரிந்தவுடன், கோட்டும் சூட்டுமாக இருந்த நம் மாயாவிக்கும் அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு சூப்பர் ஹீரோ சட்டையை மாட்டி விட்டார்கள். அந்தச் சட்டை அவருக்குப் பொருந்தவில்லை. சில காலத்திலேயே கழற்றி வைத்துவிட்டு, பழையபடி சாதாரண உடுப்புக்கே திரும்பினார்.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஒரு நிறம் எடுபட்டது என்பதற்காக நாமும் அதே நிறத்தில் புடைவை எடுத்து, நம் உடம்புக்கு அது ஒத்து வராமல் பெட்டியில் மடித்து வைக்கிறோம் அல்லவா? அந்தச் சமாசாரம்தான் இது. பெட்டியில் கிடப்பது ஒரு புடைவையாக இருந்தால் ஆயிரமோ இரண்டாயிரமோ நஷ்டம். ஸ்டூடியோக்காரர்கள் பெட்டியில் வைப்பது முழுப் படங்களை!

2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹாலிவுட்டின் வார்னர் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 'பேட்கேர்ள்' என்று ஒரு படம். வௌவால் வேஷம் போட்ட பெண் வீராங்கனையின் கதை. செலவு சுமார் 9 கோடி டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 700 கோடி ரூபாய். படப்பிடிப்பெல்லாம் முடிந்து விட்டது. கம்பெனியில் அப்போதுதான் நிர்வாகம் கைமாறியிருந்தது. புதிதாக வந்தவர்களின் கணக்குக்கு இந்தப் படம் ஒத்து வரவில்லை. தியேட்டருக்கும் இல்லை, தொலைக்காட்சிக்கும் இல்லை என்று பெட்டியை மூடி விட்டார்கள். நடித்த பெண் என்ன பாடு பட்டிருப்பாள்!

அதே வருஷம் அக்டோபரில், சூப்பர்மேனாக நடித்து வந்த ஹென்றி காவில் மீண்டும் அந்த வேஷம் போடப் போவதாகச் சந்தோஷத்துடன் அறிவித்தார். டிசம்பர் மாதம் பிறந்து பாதி ஆவதற்குள், வேஷம் இல்லை என்று அவரே அறிவிக்க வேண்டியதாயிற்று. இடையில் ஜேம்ஸ் கன் என்ற டைரக்டரும் பீட்டர் சஃப்ரான் என்ற தயாரிப்பாளரும் அந்தப் பிரிவுக்குத் தலைவர்களாக வந்திருந்தார்கள். அவர்கள் வேறொரு நடிகரை வைத்துப் புதிய சூப்பர்மேனை 2025 ஜூலையில் கொண்டு வந்தார்கள். மறு கரையில் இருக்கும் மார்வெல் கம்பெனியின் கதையும் லேசானதல்ல. 2008 முதல் 2019 வரையில் இரும்பு மனிதனாக நடித்து உலகத்தின் கண்ணீரைச் சம்பாதித்துக் கொண்டு செத்துப் போன ராபர்ட் டௌனி ஜூனியரையே, 2024-ல் திரும்பக் கூப்பிட்டு வில்லன் வேஷம் கொடுத்தார்கள். எம்.ஜி.ஆரை அழைத்து, "அடுத்த படத்தில் நீங்கள்தான் நம்பியார்" என்றால் நம் ஊரில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

நம் மாயாவிக்கும் சினிமா யோகம் வந்து வந்து போய்க்கொண்டிருக்கிறது. 'மாநகரம்' என்ற முதல் படத்தை 2017-ல் எடுத்துப் பேர் வாங்கிய லோகேஷ் கனகராஜ், அதையடுத்து நடிகர் சூர்யாவை வைத்து 'இரும்புக்கை மாயாவி' எடுக்க நினைத்தார். செலவு மிக அதிகமாகும் என்பதால் அது தள்ளி வைக்கப்பட்டது. அவர் 'கைதி' எடுத்தார்; 'விக்ரம்' எடுத்தார்; பெரிய டைரக்டர் ஆனார். மாயாவி மட்டும் வரவில்லை. 2025-ல் ஹிந்தி நடிகர் ஆமீர் கான், லோகேஷின் டைரக்‌ஷனில் தாம் ஒரு சூப்பர் ஹீரோ படத்தில் நடிக்கப் போவதாகச் சொன்னபோது, மாயாவியின் பெயர் மறுபடியும் எல்லோர் வாயிலும் புறப்பட்டது. வாரம் ஒரு செய்தி, மாதம் ஒரு மறுப்பு. நல்ல வரனுக்குக் காத்திருக்கும் வீட்டில் ஜாதகம் வருவதும் போவதுமாக இருக்குமே, அது போலத்தான்.

ஜாதகம் என்றதும் எங்கள் வீட்டுக் கதை நினைவுக்கு வருகிறது. என் அண்ணன் மகன் சென்னையில் உதவி டைரக்டர். வயது 29. அவன் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் நமக்கு வேண்டாம். அந்தக் கம்பெனியும் சூப்பர் ஹீரோ படம்தான் எடுப்பதாக இருந்தது. ஒன்று போதாது, மூன்று பாகம்! முதலில் அவர்கள் முடிவு செய்த கதாநாயகன் கரிசல் காட்டில் ஆடு மேய்க்கிறவன். இடி விழுந்து சக்தி பெறுகிறான். இடி விழுந்த கதையை ஏற்கெனவே மலையாளத்தில் எடுத்து விட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். உடனே ஆடு மேய்க்கிறவன் விஞ்ஞானி ஆனான். விஞ்ஞானிக்கு வடநாட்டில் வியாபாரம் ஆகாது என்று இன்னொருவர் சொன்னார். விஞ்ஞானி பட்டாளத்து அதிகாரி ஆனான். ஆண் வேண்டாம், பெண்ணாக்கினால் எடுபடும் என்று வேறொருவர் கணக்குப் போட்டார். ஒவ்வொரு தடவையும் என் மருமகனும் அவன் தோழர்களும் முதல் காட்சியிலிருந்து எழுதினார்கள். ஆறு மாதம் சம்பளம் வந்தது. அப்புறம், "படம் ஆரம்பித்ததும் மொத்தமாகத் தந்துவிடுகிறோம்" என்ற பதில் வந்தது. அப்புறம் பதிலும் வரவில்லை. இரும்புக்கை மாயாவி மறைந்தால் கையாவது தெரியும். இந்த முதலாளிகள் மறைந்தால் கையும் தெரிவதில்லை!

அருப்புக்கோட்டையில் என் மதினி பையனுக்குப் பெண் பார்த்துக் கொண்டிருந்தாள். திருச்சுழியில் ஒரு நல்ல இடம். பெண் கூட்டுறவு பாங்கியில் வேலை பார்க்கிறாள். பெண்ணின் பாட்டி கட்டைக் குரலில் கேட்டாள்:

"மாப்பிள்ளைக்கு என்ன வேல?"

"படம் எடுக்கப் போறாங்க, பெரியம்மா."

"எப்ப?"

மதினி என் முகத்தைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"வானம் பாத்த பூமிக்காரிதான் நானும்," என்றாள் அந்தக் கிழவி. "ஆனா மழை எந்த மாசம் வரும்னாவது எங்களுக்குத் தெரியும் தாயி."

அவள் சொன்னதில் எவ்வளவு விஷயம் இருந்தது என்பது ஊர் திரும்பும்போது பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது. திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் கிடக்கும் காட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்கெட்டிய மட்டும் கறுப்பு மண். ஆங்காங்கே சீமைக் கருவேல், ஒற்றைப் பனை, வற்றிய கண்மாய். குண்டாறு என்று பெயருக்கு ஓர் ஆறு. வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான் ஓடும். இந்தக் காட்டில் புரட்டாசி மாதத்தில் ஒரு காரியம் செய்வார்கள். மழை விழுவதற்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையை விதைத்து விடுவார்கள். புழுதி விதைப்பு என்று அதற்குப் பெயர். வடகிழக்குப் பருவ மழை கொட்டும்போது விதை மண்ணுக்குள் தயாராகக் கிடக்க வேண்டும் என்பது கணக்கு. மழைக்கு அப்புறம் உழலாம் என்று இருந்தால், கரிசல் சேறாகிக் காலை இழுக்கும். நல்ல பருவம் தவறிப் போகும்.

நிச்சயம் இல்லாத தொழில் இதைவிட வேறு உண்டா? வானம் ஏமாற்றினால் விதை போச்சு, உழவு போச்சு. என்றாலும் அந்தச் சம்சாரிக்குச் சந்தேகம் மழையைப் பற்றித்தான். மண்ணைப் பற்றி ஒரு நாளும் இல்லை. இந்த மண்ணில் பருத்தி வரும், சோளம் வரும், கம்பு வரும், மல்லி வரும், நெல் வராது என்று அவனுக்குத் தெரியும். தஞ்சாவூரில் போன வருஷம் நெல் நன்றாக விளைந்ததே என்று கரிசலில் நாற்றங்கால் போட மாட்டான். பருத்தி ஊடே உளுந்தும் போட்டு வைப்பான்; ஒன்று போனால் ஒன்று நிற்கும். சினிமா முதலாளிகளுக்கும் மழையைப் பற்றிச் சந்தேகம் இருக்கட்டும். ஜனங்கள் எந்தப் படத்துக்குக் கூடுவார்கள் என்பதை ஆண்டவனாலும் சொல்ல முடியாது. ஆனால் தங்கள் கதாநாயகன் யார் என்பதிலேயே சந்தேகம் வந்து விட்டால்?

திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர். 1879-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, திருமேனிநாதர் கோவிலுக்குப் பக்கத்து வீட்டில் அவதரித்தார். எந்தக் குழப்பத்தோடு போனாலும், முதலில் "நான் யார்?" என்று விசாரித்துப் பார்க்கச் சொன்னவர் அவர். பகவானுடைய ஞான விசாரத்தைச் சினிமாவோடு முடிச்சுப் போடுவதை அடியார்கள் மன்னிக்க வேண்டும். ஆயினும், "இப்போது எது ஓடுகிறது?" என்று கேட்பதற்கு முன்னால், "என் கதாநாயகன் யார்?" என்று ஒரு தடவை கேட்டுக் கொண்டால் பல கோடி ரூபாயும் பல பேருடைய வாலிபமும் மிச்சமாகும் என்று எனக்குப் படுகிறது.

அந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் தெரிந்த ஒருவர் எங்கள் அருப்புக்கோட்டைக்கும் சம்பந்தப்பட்டவர். 1977-ல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக முதலமைச்சர் ஆனபோது, சட்டசபைக்கு அவரை அனுப்பிய தொகுதி எது? அருப்புக்கோட்டைதான்! எங்கள் ஊர்த் தாய்மார்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள்? திரையில் குடிக்காத, புகைக்காத, பெண்ணைக் காப்பாற்றுகிற, ஏழைக்காகச் சண்டை போடுகிற ஒருவருக்குத்தான். படகோட்டியாக வந்தாலும் மாட்டுக்காரராக வந்தாலும் ரிக்‌ஷாக்காரராக வந்தாலும் சட்டைதான் மாறும்; ஆள் மாற மாட்டார். பறக்கும் மேலங்கி இல்லாத சூப்பர் ஹீரோ அவர்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 1962-ல் வந்த 'பாசம்' படத்தின் முடிவில் எம்.ஜி.ஆர். இறந்து போவதாகக் காட்டினார்கள். ஜனங்கள் அதை ஏற்கவில்லை; படம் எதிர்பார்த்தபடி போகவில்லை. கதாநாயகன் யார் என்பது கல்லில் எழுதியது போல் ஆகிவிட்டால், அப்புறம் அவனால் சாகக்கூட முடியாது! நல்ல நடிகருக்கு அது ஒரு சிறைதான். எனவே மாற்றமே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. மாற்றுவதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் கதைக்குள்ளிருந்து வர வேண்டும். கொள்ளைக்காரராக இருந்த மாயாவி மனம் திருந்தியது கதைக்குள்ளிருந்து வந்த மாற்றம், அது நிலைத்தது. சட்டை மாற்றிக் கொண்டது கடைத்தெருவிலிருந்து வந்த மாற்றம், அது நிலைக்கவில்லை.

சமீபத்தில் சூப்பர் ஹீரோ கதைகளில் நம் பக்கத்தில் வெற்றி கண்டவற்றைப் பாருங்கள். 2021 டிசம்பரில் வந்த 'மின்னல் முரளி'யில் கதாநாயகன் கேரளத்துக் கிராமத்துத் தையற்காரன். அவனுக்கு எதிரியாக நடித்துப் பெயர் பெற்றவர் நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். 2023-ல் வந்த 'மாவீரன்' படத்தில் சிவகார்த்திகேயன் பத்திரிகைக்குச் சித்திரக் கதை போடுகிற பயந்தாங்கொள்ளி. குடிசை மாற்று வீட்டின் சுவர் உதிர்வதுதான் அவருடைய சங்கடம். 2025 ஆகஸ்டில் வந்த 'லோகா' படத்தில் கல்யாணி பிரியதர்ஷன், களியங்காட்டு நீலி என்ற பழைய யட்சிக் கதையின் வாரிசாக வருகிறார். ஒரு பெண்ணை நடுவில் வைத்து எடுத்த அந்தப் படம் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இந்த மூன்றிலும் கதாநாயகர்களுக்கு ஊர் இருக்கிறது, தெரு இருக்கிறது, வீட்டில் கவலை இருக்கிறது. சக்தி அப்புறந்தான் வருகிறது.

'லோகா' ஓடியதும் எங்கள் பையனின் கம்பெனியில் கதாநாயகனைப் பெண்ணாக்கினார்கள் என்று சொன்னேனே, அதுதான் எனக்குச் சிரிப்பையும் எரிச்சலையும் சேர்த்துத் தருகிறது. ஓடிய படத்தில் பெண் இருந்தாள் என்பதைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகப் பாட்டிகள் சொல்லி வந்த ஒரு கதை இருந்ததைப் பார்க்கவில்லை.

இவ்வளவும் ரசனையைப் பற்றிய பேச்சு. என் மனசை அரிப்பது வேறு. முதலாளி யோசிக்கலாம், யோசிக்கத்தான் வேண்டும். யோசிக்கிற நாட்களுக்குக் கூலி யார் கொடுப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் ஐயா. அவருக்குச் சொந்தத் தறி. அருப்புக்கோட்டை நூல் புடைவைக்கு அன்று நல்ல பெயர். வெளியூர் ஜவுளி வியாபாரி ஒருவர் நூல் கொடுத்து, கோபுரக் கரை போட்டுத் தரச் சொன்னார். ஐயா ஜக்கார்டு அட்டை அடித்து, பாவு ஏற்றி, இழை பிணைத்து முடித்தார். வியாபாரியிடமிருந்து ஆள் வந்தான்: ஏதோ சினிமாவில் கதாநாயகி வேறு கரை கட்டியிருக்கிறாளாம், அதைப் போட வேண்டுமாம். அட்டை மாற்றினார். பத்து நாள் தறி ஓடவில்லை. மறுபடியும் ஆள் வந்தான்: கரையே வேண்டாம், வெறும் கட்டம் போதுமாம். இன்னும் பத்து நாள். எங்கள் வீட்டில் தறி நின்றால் அடுப்பும் நிற்கும். அம்மா கம்பங்கூழை நீர்க்கக் கரைத்து ஊற்றியது எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் வியாபாரியே நேரில் வந்தபோது ஐயா எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு, மிக மரியாதையாகக் கேட்டார்: "மொதலாளி, நீங்க யோசிச்ச இருவது நாளைக்குக் கூலி யாரு தருவாக?"

வியாபாரி பதில் சொல்லாமல் வெற்றிலை போட்டுக் கொண்டார்.

சினிமாவிலும் இப்படித்தான். கோடம்பாக்கத்தில் நட்சத்திரங்கள் நூறு பேர் இருந்தால், விளக்குத் தூக்குகிறவர்கள், தச்சு வேலை செய்கிறவர்கள், உடுப்புத் தைக்கிறவர்கள், சாப்பாடு பரிமாறுகிறவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். படப்பிடிப்பு நடந்தால் அவர்களுக்குத் தினக்கூலி, நின்றால் இல்லை. கமல்ஹாசன் நடித்து, ஷங்கர் டைரக்ட் செய்த 'இந்தியன் 2' படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 2019-ல் ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து, உதவி டைரக்டர் ஒருவர் உட்பட மூன்று பேர் மாண்டார்கள். பிறகு கொரோனா வந்தது. 2021-ல் படக் கம்பெனிக்கும் டைரக்டருக்கும் கோர்ட்டில் வழக்கு நடந்தது. 2022-ல் மறுபடியும் படப்பிடிப்பு தொடங்கி, 2024 ஜூலையில் படம் வெளிவந்தது. பெரியவர்கள் அந்த ஐந்து வருஷத்தில் வேறு படம் எடுத்தார்கள், நடித்தார்கள். விளக்குத் தூக்கியவருக்கு ஐந்து வருஷமும் வீட்டு வாடகை மாதா மாதம்தான் வந்து கொண்டிருந்தது.

என் மருமகனிடம் இதைச் சொன்னேன். "அத்தை, நாலு தடவ கதைய மாத்தி அந்தப் படத்த எடுத்திருந்தா ரொம்ப மோசமா வந்திருக்கும். எடுக்காததே நல்லதுன்னு தோணுது" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. தன் சம்பளம் போனதைவிடக் கதை கெடாமல் போனதைப் பெரிதாக நினைக்கிறானே, இவன் நிஜமாகவே டைரக்டர் ஆகி விடுவான் என்று பட்டது. ஆனால் மதினி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "கத கெடல, சரி. பதினாலு மாசச் சம்பளமும் கெடக்கல்ல?" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். பையன் சொன்னது படத்தைப் பற்றி. தாய் சொன்னது பிள்ளையைப் பற்றி.

இப்போது அவன் ஒரு விளம்பரப் படக் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குப் போகிறான். ராத்திரியில் தன் கதையை எழுதுகிறான். ஆடு மேய்க்கிறவனை யாரும் வேண்டாம் என்று தள்ளி விட்டார்கள் அல்லவா? அவனையே எடுத்து வைத்துக் கொண்டிருக்கிறான். இடியை மட்டும் நீக்கி விட்டானாம். கண்மாய்க்குள் புதைந்து கிடக்கும் பழைய மடைக்கல்லிலிருந்து சக்தி வருகிறதாம். வருஷம் முழுவதும் தண்ணீருக்கு ஏங்கும் ஊரில் மடைக்குச் சக்தி உண்டு என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்! திருச்சுழிப் பாட்டியிடம் சொன்னால் அவள்கூட ஒப்புக் கொள்வாள். அந்த இடம் இன்னும் முடிவாகவில்லை; ஜாதகம் அங்கேதான் இருக்கிறது. திருப்பி அனுப்பவில்லை என்பதே நல்ல சகுனம் என்கிறாள் மதினி.

படாதிபதிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி முடித்துக் கொள்கிறேன். சூப்பர் ஹீரோ படம் எடுங்கள்; பேரப் பிள்ளைகளோடு வந்து நாங்களும் பார்க்கிறோம். எந்தத் திசையில் போவது என்று குழப்பம் வந்தால் தாராளமாக நின்று யோசியுங்கள். ஆனால் நிற்கும்போது, கூட வந்தவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து விட்டு நில்லுங்கள். உலகத்தைக் காப்பாற்றுகிற கதை எடுக்கிறவர்கள், எழுதிக் கொடுத்த பையனின் மெஸ் பாக்கியையாவது காப்பாற்ற வேண்டாமா?